ஸ்கேனர் வைத்த கடைக்காரர்களின் சந்தேகங்கள்: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் பிழைப்பு. முதுநகர் மீன் வியாபாரி முதல் புதுச்சேரி நேரு வீதி துணிக்கடை வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் வரி பற்றி மட்டும் கேட்பார்கள். இப்போது பாதி நேரம் யுபிஐ பேச்சுதான்: கட்டணம் வருமா, கணக்கு ஏன் முடங்கியது, ரிசர்வ் வங்கி ஏன் அடிக்கடி விதியை மாற்றுகிறது, இப்படி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன், என் அபிப்பிராயத்தையும் சேர்த்தே. புது வசதி வந்தாலும் புது விதி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஏதாவது தவறிப்போனால் நஷ்டம் யார் தலையில் விழும்?

ரிசர்வ் வங்கி விதி மேல் விதி போடுகிறதே, இதனால் புது வசதிகள் வராமல் போய்விடாதா?

எல்லா விதியும் அப்படி இல்லை. யுபிஐயே ரிசர்வ் வங்கியின் கண்பார்வையில் பிறந்த பிள்ளைதான். 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டம் இந்தத் துறையை ரிசர்வ் வங்கியின் கையில் கொடுத்தது. 2008இல் ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று என்பிசிஐ (இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம்) என்ற லாப நோக்கமில்லாத நிறுவனத்தை உருவாக்கின. அது 2010இல் ஐஎம்பிஎஸ் என்ற, வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. அதன் மேல் கட்டியதுதான் யுபிஐ. 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தார். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது.

விதி வசதியைக் கெடுக்காமல் வளர்த்ததற்கு உங்கள் கல்லாவிலேயே சாட்சி இருக்கிறது. ஆறேழு வருஷம் முன்பு கல்லா மேசையில் எத்தனை ஸ்டிக்கர் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனியின் வாலட்டுக்கு ஒன்று, இன்னொரு கம்பெனிக்கு இன்னொன்று. வாடிக்கையாளரிடம் இருக்கும் ஆப் உங்களிடம் இல்லையென்றால் "காசா குடுங்க" என்று சொல்லவேண்டியதுதான். 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, இனி யாரும் தன் ஆப்புக்கு மட்டும் ஓடும் புது க்யூஆர் போடக்கூடாது, ஏற்கெனவே போட்டவர்கள் 2022 மார்ச் 31க்குள் எல்லோருக்கும் பொதுவான க்யூஆருக்கு மாறவேண்டும் என்றது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தராசுக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாரே ஒரே ஒரு அட்டை, அதில் எந்த ஆப்பிலிருந்தும் காசு வந்து விழுவது அந்த விதியால்தான். கம்பெனிகள் தாமாக அதைச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வாடிக்கையாளரைத் தன் வேலிக்குள் அடைத்து வைப்பதில்தான் அவர்களுக்கு லாபம்.

அப்போ எல்லா விதியும் நல்ல விதியா?

இல்லை. ஒத்திவைத்துக்கொண்டே போகும் விதி ஒன்று இருக்கிறது. யுபிஐ பரிவர்த்தனையில் எந்த ஓர் ஆப்பும் 30 சதவீதத்துக்கு மேல் கையாளக்கூடாது என்று 2020 நவம்பரில் என்பிசிஐ சொன்னது. போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கின்றன. கெடு 2022 கடைசிக்கு வைத்தார்கள், அப்புறம் 2024 கடைசி, அப்புறம் 2026 டிசம்பர் 31. இரண்டு ஆப் படுத்தால் நாடே படுக்கும் என்ற கவலை நியாயமானது. ஆனால் 30ஐத் தாண்டியவுடன் என்ன செய்வது? "நீ புது ஆளைச் சேர்க்காதே" என்று சொல்லலாம். அதனால் அலைவது ஆப் கம்பெனி இல்லை, புதிதாகப் போன் வாங்கிய ஆள்தான். நடைமுறைப்படுத்த முடியாது என்று போட்டவர்களுக்கே தெரிந்த விதியை ஏட்டில் வைத்திருப்பதைவிட, சின்ன ஆப்கள் பிழைக்க வழி செய்வது மேல் என்பது என் எண்ணம். அந்த வழி காசு விஷயத்தில் போய் முட்டுகிறது.

யுபிஐ உண்மையிலேயே இலவசமா? நாளைக்குக் கட்டணம் போடுவார்களா?

உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இலவசம். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் எம்டிஆர், அதாவது கார்டு தேய்த்தால் வங்கி பிடித்துக்கொள்ளும் சதவீதம், வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் சர்வர், ஆள், மோசடியைப் பிடிக்கும் மென்பொருள், எல்லாவற்றுக்கும் யாரோ காசு கொடுக்கத்தானே வேண்டும்? இப்போது கொடுப்பது வங்கிகளும் மத்திய அரசும். சின்ன வியாபாரிக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான தொகையில் 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2024-25இல் வங்கிகளுக்கு அரசு தந்தது. அதற்காக ஒதுக்கியது 1,500 கோடி; அதற்கு முந்தைய ஆண்டில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. பரிவர்த்தனை கூடியது, மானியம் குறைந்தது.

2025இல் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவே, இந்தச் செலவை யாராவது ஏற்கத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டு ஜூனில் கட்டணம் வரப்போகிறது என்று வதந்தி கிளம்பியபோது நிதி அமைச்சகம் மறுத்தது. ஆக, டீக்கடைக்கு இன்றைக்குக் கட்டணம் இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட், சங்கிலித்தொடர் கடைகளிடம் மட்டும் சின்னதாக ஒரு சதவீதம் வாங்கலாம் என்ற யோசனை ரொம்ப நாளாகப் பேச்சில் இருக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இலவசம் என்ற பெயரில் வங்கிகள் சர்வருக்குச் செலவழிக்கத் தயங்கினால், கடைசியில் மாட்டுவது சாயங்கால நேரத்தில் "பெண்டிங், பெண்டிங்" என்று சுழலும் திரைக்கு முன்னால் நிற்கும் கடைக்காரர்தான்.

இடையில் ஒரு சின்ன விஷயம். சிலர் "எனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறதே" என்கிறார்கள். வாடிக்கையாளர் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கொடுத்திருப்பார். சின்ன வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணம் இல்லை, அதற்கு மேல் உண்டு. வேண்டாமென்றால் உங்கள் க்யூஆர் கொடுத்த கம்பெனியிடம் கிரெடிட் கார்டு ஏற்பதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை வேறு கதை. அது கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம், ரிசர்வ் வங்கிக்கு அதில் வேலையில்லை.

யாரென்றே தெரியாத ஆள் கொடுத்த அற்பத் தொகைக்காக என் மொத்தக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். இது என்ன நியாயம்?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே மனதைப் பிசைவது இதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர். விடியற்காலை பால்காரருக்குப் பணம் அனுப்பப் பார்க்கிறார், போகவில்லை. திரும்பப் போட்டும் போகவில்லை. பத்து மணிக்கு வங்கிக்குப் போனால், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி முடக்கியிருக்கிறோம் என்று ஒரு புகார் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டுச்சீட்டோடு என்னிடம் வந்தார். ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்ததில், ரெண்டு டீ, ஒரு சமோசா, ஒரு சிகரெட் என்று எவனோ ஒருவன் கொடுத்த எழுபது ரூபாய்தான் காரணம். அந்தப் பணம் எங்கோ ஒரு முதியவரிடம் திருடியது, நாலு கணக்கு மாறி இவன் போனுக்கு வந்து, இவர் கல்லாவில் டீக்காசாக விழுந்திருக்கிறது. கணக்கில் இருந்த மற்ற பணமெல்லாம் அவருடைய உழைப்பு. அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. கடைக்குச் சரக்குப் போடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் பொறுப்பார்கள், அதற்கு மேல்?

இது நடக்கும் விதம் இப்படி. ஏமாந்தவர் 1930 எண்ணுக்குப் போன் போட்டால், பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று அடுக்கடுக்காகத் துரத்துகிறது உள்துறை அமைச்சகம் 2021இல் கொண்டுவந்த ஒரு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், திருடன் ஏடிஎம்மில் எடுப்பதற்குள் பிடித்தால்தான் பணம் மிஞ்சும். ஆனால் அந்த வேகத்தில், திருடனின் கணக்கையும் அவனுக்கு டீ விற்றவரின் கணக்கையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். இங்கே தொழில்நுட்பம் முன்னே ஓடிவிட்டது, அப்பாவியை விடுவிக்கும் நடைமுறை பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. போலீஸ் ஒரு சொத்தைக் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்காமல் முழுக் கணக்கையும் காலவரம்பில்லாமல் முடக்குவது சரியல்ல என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. ஆனால் எழுபது ரூபாய்க்காக யார் உயர் நீதிமன்றம் போவது?

நடைமுறையில் நான் செய்வது: வங்கியிடமிருந்து புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் மின்னஞ்சலையும் எழுத்தில் வாங்குவேன். குறிப்பிட்ட வரியை வட்டமிட்ட ஸ்டேட்மென்ட், கடைப் போட்டோ, உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ், உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து அந்த அதிகாரிக்கும் வங்கிக் கிளைக்கும் ஒரே கடிதம் அனுப்புவேன். அதில், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் லியன் போட்டு நிறுத்தி, மீதியை விடுவிக்கும்படி தெளிவாகக் கேட்பேன். மேற்படி டீக்கடைக்காரருக்கு அப்படித்தான் விடிந்தது, ஆனால் அதற்குள் சில வாரம் ஓடிவிட்டது. எல்லா வாடிக்கையாளரிடமும் நான் சொல்வது: ஸ்கேனர் இணைத்த கணக்கு வேறு, சேமிப்பும் பிள்ளைகள் பீஸும் வைக்கும் கணக்கு வேறு, அதுவும் வேறு வங்கியில். இரவு கடை சாத்தும்போது மாற்றிவிடுங்கள்.

யுபிஐயில் வாங்கினால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வருமா?

2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடைகளில் க்யூஆரைக் கிழித்துவிட்டுக் காசு மட்டும்தான் என்று எழுதி ஒட்டினார்கள். பிறகு பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று மாநில அரசு இறங்கிவந்தது.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வரம்பே மாறிவிடும். பொருள் மட்டும் விற்கிற கடைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் அது 20 லட்சம்தான். 2019இல் வரம்பை உயர்த்தியபோது புதுச்சேரி சேரவில்லை. கடலூர் செம்மண்டலத்தில் ஒருவரும் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் அவர் தம்பியும் ஒரே அளவு பிளாஸ்டிக் சாமான் விற்றால், அண்ணனுக்குப் பதிவு வேண்டாம், தம்பிக்கு வேண்டியிருக்கலாம். டீக்கடை, ஓட்டல் சேவைக் கணக்கில் வருவதால் இரண்டு பக்கமும் 20 லட்சம். கடலூரிலிருந்து நீங்களே வண்டி வைத்துப் புதுச்சேரிக்குப் பொருள் அனுப்பி விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. வரி உள்ள பொருளாக இருந்தால் வரம்பெல்லாம் பேசமுடியாது, பதிவு கட்டாயம். இதை அறியாமல் மாட்டியவர்கள் நிறைய.

20 லட்சம் என்றால் பெரிய தொகை என்று நினைக்காதீர்கள், நாளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் விற்றாலே வருஷத்தில் வந்துவிடும். அதே நேரம், பச்சை மீன், காய்கறி போல வரியே இல்லாத பொருளை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை.

யுபிஐ வரவு முழுவதும் விற்பனை ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மச்சான் அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், மகளிர் குழுக் கடன், எல்லாம் அதே கணக்கில் விழுந்தால், நோட்டீஸ் வரும்போது எது எது என்று பிரித்துக் காட்டுவது உங்கள் வேலையாகிவிடும். ஸ்கேனர் கணக்கைத் தனியாக வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். என்னைக் கேட்டால், அரசு யுபிஐயை வளர்க்கவும் ஆசைப்பட்டு அதையே வலையாகவும் வீசினால், சின்ன வியாபாரி காசுக்கே திரும்பிவிடுவார். பதிவு செய்ய ஓராண்டு அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பியிருந்தால் பெங்களூரில் யாரும் அட்டையைக் கிழித்திருக்க மாட்டார்கள்.

வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய்விட்டது, எனக்கு வரவில்லை. யார் பொறுப்பு?

வங்கிதான். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது சேரவில்லையென்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்தது என்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி போடவேண்டும். போடாத வங்கியைக் கேளுங்கள், போடும். கடைக்காரர் செய்ய வேண்டியது: பணம் வராமல் பொருளைக் கொடுக்காதீர்கள், வாடிக்கையாளரைத் திருடன்போல் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வரும் யுடிஆர் எண்ணை, அதாவது அடையாள எண்ணை, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறார்களே?

சவுண்ட் பாக்ஸ் சொன்னால் மட்டும் நம்புங்கள். வாடிக்கையாளர் திரையில் தெரிகிற பச்சை டிக்கை உண்மை போலவே காட்டும் போலி ஆப்கள் சுற்றுகின்றன. கூட்ட நேரத்தில் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். எந்தச் சட்டமும் சொல்லாமல், வியாபாரியின் தேவையிலிருந்து மட்டும் பிறந்து ஓடிக்கொண்டிருக்கும் புதுமை என்றால் நான் இந்தப் பேசும் பெட்டியைத்தான் காட்டுவேன்.

ஏமாந்து நானே பின் நம்பரைப் போட்டுவிட்டேன். பணம் கிடைக்குமா?

கஷ்டம். நீங்கள் எதுவும் செய்யாமல் உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை உங்களைக் காப்பாற்றும்: வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால், உங்கள் பக்கம் கவனக்குறைவு இல்லாதவரை உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம், பத்து வேலை நாளுக்குள் வங்கி தொகையைக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். ஆனால் இன்றைய மோசடியில் முக்கால்வாசி அப்படி இல்லை. "மின்வாரியத்திலிருந்து பேசுகிறேன்", "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பயமுறுத்தி உங்கள் கையாலேயே பின் போடவைப்பதுதான். அப்போது வங்கி, "நீங்கள்தானே போட்டீர்கள்" என்று கையை விரித்துவிடும்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இப்படி ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தரவேண்டும் என்று விதி. அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. வாங்கிய வங்கியையும் இழுத்ததுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததே அந்த வங்கிதானே? தன் கைக்காசு போகும் என்று தெரிந்தால், வாடகைக்குக் கணக்குக் கொடுக்கும் ஆட்களை வங்கி தானே தேடிப்பிடிக்கும். நம் ஊரிலும் பொறுப்பு அந்தப் பக்கம் நகரவேண்டும் என்பது என் கட்சி.

இங்கே வேறு வழியில் அடைப்பு போட்டுவருகிறார்கள். பணம் வரவேண்டுமானால் பின் நம்பரைப் போடுங்கள் என்று ஏமாற்றும் "கலெக்ட் ரிக்வஸ்ட்" (பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை) மோசடி பெருகியதால், ஆளுக்கு ஆள் அப்படிக் கேட்கும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ எடுத்துவிட்டது. 2025 ஜூன் 30க்குப் பிறகு, நீங்கள் சேமித்த பெயர் தெரியாது, வங்கியில் பதிவான பெயர்தான் திரையில் தெரியவேண்டும். அந்தப் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலம் வரை இருக்காதீர்கள், உடனே 1930.

ஃபெஞ்சல் புயலப்போ ஸ்கேனர் எதுவுமே ஓடலையே?

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. கையில் நோட்டு வைத்திருந்தவர் பால் வாங்கினார், மற்றவர் பெயர் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. முகம் தெரிந்த கடையாக இருந்ததால் கடன் கிடைத்தது.

புயல் இல்லாத நாளிலும் படுத்திருக்கிறது. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 தேதிகளில் நாடு முழுக்க யுபிஐ திணறியது. பணம் போனதா இல்லையா என்று வங்கிகள் அளவுக்கு மீறி மையச் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். அதன் பிறகுதான் 2025 ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆப்பில் நாளுக்கு 50 தடவைக்கு மேல் இருப்புப் பார்க்கக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் வந்தன. சிலர் கோபப்பட்டார்கள். நாளுக்கு ஐம்பது தடவை இருப்புப் பார்க்கிறவருக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது.

சின்னத் தொகைக்கு யுபிஐ லைட் போட்டுவைப்பது நல்லது. 5,000 ரூபாய் வரை போனிலேயே இருக்கும், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமல் போகும். வங்கிச் சர்வரை ஒவ்வொரு தடவையும் தொடாததால் நெரிசல் நேரத்திலும் ஓடும். நெட்டே இல்லாமல் பணம் கொடுக்கும் முறைகளை ரிசர்வ் வங்கி முதலில் சோதனையாக விட்டுப் பார்த்து, 2022 ஜனவரியில் ஒரு தடவைக்கு 200 ரூபாய் என்று விதி எழுதி, பிறகுதான் வரம்பை உயர்த்தியது. போன் தொலைந்தால் போகும் நஷ்டத்துக்கு முதலிலேயே ஒரு எல்லை கட்டிவிட்டு வசதியைத் திறந்தார்கள். இப்படித்தான் செய்யவேண்டும். இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் கொஞ்சம் நோட்டு வைத்திருங்கள்.

என் க்யூஆர் கம்பெனியே கடன் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

தண்டலைவிட மேல்தான், ஆனால் படித்துவிட்டு வாங்குங்கள். உங்கள் தினசரி வரவைப் பார்த்து, உங்களுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, தினமும் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். கடன் தருவது ஆப் இல்லை, பின்னால் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ இருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரவேண்டும், எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டியை ஒரே தாளில் காட்டவேண்டும். வேண்டாமென்று முடிவெடுத்தால் அபராதமில்லாமல் திருப்பிக் கொடுக்கக் குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு. "நாளுக்கு வெறும் 320 ரூபாய்" என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், அந்தத் தாளில் உள்ள ஆண்டு சதவீதத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் வரவு பாதியானாலும் பிடித்தம் அப்படியே இருக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பிரான்சில் இருக்கும் மகன் யுபிஐயில் பணம் அனுப்பலாமா?

புதுச்சேரியில் மட்டும் கேட்கும் கேள்வி இது. 2024 பிப்ரவரியில் ஈபிள் கோபுரத்தில் யுபிஐ வந்தது என்ற செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அது இங்கிருந்து போகிற சுற்றுலாப் பயணி தன் இந்தியக் கணக்கிலிருந்து டிக்கெட் வாங்குவதற்கு. யூரோவை ரூபாயாக்கி அனுப்புவது வேறு. சிங்கப்பூரோடு அப்படி ஓர் இணைப்பு 2023 பிப்ரவரி முதல் இருக்கிறது. ஐரோப்பாவோடு இன்னும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அதுவரை வங்கி, உரிமம் பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனம், இரண்டுதான் வழி.

அம்மாவுக்குப் பட்டன் போன்தான். அவர்களுக்கு?

பட்டன் போனுக்கு யுபிஐ 123பே இருக்கிறது, ஒரு தடவைக்கு 10,000 வரை. ஸ்மார்ட்போன் இருந்தும் பயப்படுகிறவர்களுக்கு யுபிஐ சர்க்கிள்: உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவழிக்கலாம், மாதம் 15,000 வரை, ஒரு தடவை 5,000 வரை என்று நீங்களே எல்லை வைக்கலாம்.

புகாரை எங்கே கொடுப்பது?

முதலில் ஆப்பிலேயே, அப்புறம் வங்கியில் எழுத்தில். புகார் எண் வாங்காமல் வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்க்கும் அதிகாரி. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 14448க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். மோசடி என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் நேராக 1930.

இவ்வளவு தொல்லைக்கு, யுபிஐ வேண்டாம் என்று போர்டு மாட்டிவிடலாமா?

மாட்டலாம். மின்னணு முறையில் பணம் ஏற்றுக்கொள்ளும் வசதி கட்டாயம் என்று வருமான வரிச் சட்டம் சொல்வது ஆண்டு விற்பனை 50 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான். ஆனால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சுண்டல் விற்கும் ஒருவர் அப்படி ஒரு வாரம் மாட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அட்டை திரும்ப வந்துவிட்டது. பக்கத்துத் தள்ளுவண்டியில் இருந்ததாம்.